கிலோ கழிக்காத நிறுவை

தெமட்டகொடை, கொழும்பு
2023 பெப்ரவரி 4

அன்புள்ள மதினிக்கு,

கொழும்பு வெயிலில் நான் இன்னும் கரைந்து போகவில்லை. அங்கே அண்ணாவும் நீங்களும் தர்ஷிகாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் நீங்கள் போனைக் காதில் வைத்தால் ஆறு காம்பராக் குடும்பத்துக்கும் கேட்கும், அந்திக்குள் அது தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வேறு கதையாகிவிடும். அதனால்தான் கடிதம்.

செய்தி இதுதான். டீவியும் போனும் விற்கிற கம்பனிகள் விற்றதோடு கைகழுவிவிட முடியாது, பழுதான சாமானைத் திரும்ப எடுத்து நஞ்சு மண்ணில் இறங்காதபடி பிரித்து அழிப்பதும் அவர்கள் பொறுப்புத்தான் என்று மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள். எங்கள் கம்பனி மற்றவர்களுக்கு முந்திக்கொண்டு தொடங்குகிறது. ஊவாப் பக்கத்துக்கு இணைப்பாளராக என்னைப் போட்டிருக்கிறார்கள்.

நம் தோட்டத்தில் செத்துப்போன பெரிய டீவி இல்லாத காம்பரா இருக்கிறதா? சுற்றியுள்ள நாலு பிரிவிலிருந்தும் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். மூடிக் கிடக்கிற பழைய பிள்ளைக் காம்பராவைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கிவிட்டேன். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன தாய்மார் நம்மையெல்லாம் விட்டுவிட்டுப் போன இடம், இனி டீவிகளை விட்டுவிட்டுப் போகட்டும். அண்ணா பொறுப்பாக நின்று, நிறுத்து எழுதி வைத்தால் போதும். மாதம் ஒரு தடவை லொறி வரும். டீவி கொடுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் வாளி.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். இங்கிலீசில் இருக்கிறது, சும்மா ஒரு ஒழுங்குக்குத்தான். பென்சிலால் புள்ளடி போட்ட மூன்று இடத்திலும் அண்ணாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ஒரு பிரதியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

தர்ஷிகாவுக்கு முத்தங்கள்.

உங்கள் அன்புக் கொழுந்தன்,
புஸ்பராஜ்

*

கல்லூற்றுத் தோட்டம், மேற்பிரிவு, ஹல்துமுல்லை
2023 பெப்ரவரி 26

புஸ்பத்துக்கு மதினி எழுதுவது.

நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். உன் அண்ணாவுக்கு மலை ஏறும்போது மட்டும்தான் முழங்கால் வலிக்கிறதாம். இந்தத் தோட்டத்தில் மலை ஏறாமல் எங்கே போவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தர்ஷிகா சித்தப்பா எப்போது வருவார் என்று கேட்கிறாள். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை வழக்கம்போல் பாணும் பருப்பும்தானா?

இணைப்பாளர்! இங்கே இருந்தபோது இரண்டு வயரை ஒட்டி ஒரு பல்பை எரிய வைக்க உனக்கு வரவில்லை. சரி, கண் படாமல் இருக்கட்டும்.

சாமான் வந்து குவிகிறது. செத்த டீவியை யாரும் வெளியே எறியவில்லை பார். மேலே பூத்துணி விரித்து, சாமிப் படம் வைத்து, நடுக் காம்பராவிலேயே வைத்திருக்கிறார்கள். கடைசிக் காம்பரா பெரியாயி அக்கா, ஒன்பது வருசம் முருகனைச் சுமந்த டீவி என்று சொல்லி, கற்பூரம் காட்டிய பிறகுதான் தூக்க விட்டார். வாளியை வாங்கித் தட்டிப் பார்த்துவிட்டு, “டீவி குடுத்ததுக்கு வாளியா? ஒங்க கொழுந்தன் நல்லாத்தான் யாவாரம் பண்றான்” என்றார்.

உன் அண்ணாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு, ஈரத்துக்கு என்று தினமும் இரண்டு மூன்று கிலோ கழிப்பார்களே, அந்த எரிச்சல் இருபது வருசமாக அந்த மனிதருக்கு நெஞ்சில் கிடக்கிறது. இப்போது தராசு அவர் கையில். “என் கையால நிறுக்கிறப்ப ஒருத்தருக்கும் ஒரு கிலோகூடக் கழிக்க மாட்டேன்” என்று தூசி, வயர், உடைந்த கால் எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே எழுதுகிறார். ஒவ்வொரு வரியிலும் கொடுத்தவர் பெயர், கிலோ, பக்கத்தில் தன் கையெழுத்து. காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுகிற கணக்கப்பிள்ளைகூட இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

படிவத்தில் மூன்று இடத்திலும் போட்டாகிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “தம்பி அனுப்புனத வாசிச்சா பாக்கணும்?” என்றார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மதினி,
விஜயலெட்சுமி

*

தெமட்டகொடை
2023 மார்ச் 30

அன்புள்ள மதினிக்கு,

எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். பாணும் பருப்பும் இல்லை, இப்போது கடைச் சோறு.

லொறி வந்து போனதாக அறிக்கை கிடைத்தது. போன்களையும், டீவிக்குள்ளிருந்த பச்சைத் தட்டுகளையும், செப்புக் கம்பியையும் முதலில் கொண்டுவந்திருக்கிறார்கள். கண்ணாடிக் குழாய்கள் பாரம் கூடியவை என்பதால் அடுத்த ஓட்டத்தில் எடுப்பார்கள்.

அண்ணா எழுதியது இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோ! மற்ற மாகாணங்களில் எல்லாரும் அதைக் கழித்து இதைக் கழித்து எழுதியிருந்ததால் ஊவாதான் முதலாவதாக வந்தது. கூட்டத்தில் கம்பனிப் பெரியவர் எழுந்து நின்று என்னைப் பாராட்டினார். அண்ணா தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். அது என் அண்ணா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, கூட்டம் நடந்துகொண்டிருந்ததால் சொல்லவில்லை.

தர்ஷிகாவுக்கு ஒரு புத்தகப் பை அனுப்புகிறேன். அண்ணாவை மலையில் மெதுவாக ஏறச் சொல்லுங்கள்.

அன்புடன்,
புஸ்பராஜ்

*

கல்லூற்றுத் தோட்டம்
2023 ஜூன் 18

அன்புத் தம்பிக்கு,

பை வந்தது. தர்ஷிகா அதைத் தோளில் போட்டபடியே சாப்பிடுகிறாள். எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் லொறி மட்டும் வரவில்லை. ஏப்ரல் போய்விட்டது, மே போய்விட்டது. நூற்று முப்பத்தொரு டீவி பிள்ளைக் காம்பராவில் வாயைப் பிளந்து கிடக்கிறது. உன் ஆட்கள் எப்படிப் பிரித்தார்கள் என்று உன் அறிக்கையில் இருந்ததா? செப்புக் கம்பியை உருவ வேண்டும் என்று ஒவ்வொரு குழாயின் கழுத்தையும் சுத்தியலால் தட்டி உடைத்தார்கள். உள்ளேயிருந்து வெள்ளைப் பொடி கொட்டியது. உன் அண்ணா தடுத்ததற்கு, “கம்பனி ஓடர்” என்றார்களாம்.

போன கிழமை அடித்த காற்றில் அந்தக் கூரையில் மூன்று தகரம் பறந்துவிட்டது. அவர் நம் காம்பராக் கூரை ஒழுகுகிறதென்று வாங்கி வைத்திருந்த படங்கைக் கொண்டுபோய் அங்கே போட்டுக் கட்டிவிட்டு வந்திருக்கிறார். போனில் உன்னைக் கேட்டால் அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்கிறாயாம். எந்தக் கிழமை என்று எழுதிவிடு. உன் அண்ணா தினமும் வேலை முடிந்து வந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மதினி

*

கொழும்பு
2023 ஓகஸ்ட் 29

அன்புள்ள மதினிக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். தர்ஷிகா நன்றாகப் படிக்கிறாளா?

என்னை இப்போது தலைமைக் காரியாலயத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பதவி உயர்வுதான். ஊவாவை வேறொருவர் பார்க்கிறார். இந்த வருசத்துக்கு எடுக்க வேண்டிய அளவு கடந்த மார்ச்சோடு நிறைவாகிவிட்டதால் லொறிக்கு இப்போதைக்கு ஒதுக்கீடு இல்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நான் கதைத்துப் பார்க்கிறேன்.

புஸ்பராஜ்

*

கல்லூற்றுத் தோட்டம்
2023 ஒக்டோபர் 27

தம்பிக்கு,

சுகம் கேட்டிருந்தாய். பதவி உயர்வுக்குச் சந்தோசம். இங்கே மழை தொடங்கிப் பதினெட்டு நாள்.

பிள்ளைக் காம்பராவுக்கு நேர் கீழேதான் நம் பீலி என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், அதில் குளித்துத்தான் வளர்ந்தாய். மழைத் தண்ணீர் அந்தக் குழாய்க் குவியலுக்குள்ளால் ஓடிச் சாம்பல் நிறமாக வாசலைத் தாண்டி வருகிறது. உன் அண்ணா கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பினார், ஒரே மழையில் கான் இடிந்துவிட்டது. வழிந்த சேற்றைப் பெரியாயி அக்காவின் மாடு மூன்று நாளாக நக்கியிருக்கிறது. முதலில் கண் தெரியாமல் சுவரில் முட்டியது, பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்து செத்தது. கறந்துகொண்டிருந்த மாடு. பண்டாரவளையிலிருந்து வந்த மாட்டு டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் எங்கேயாவது பழைய பற்றரி, ஈயம் கிடக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார். டீவிக் குழாயின் கண்ணாடியிலும் ஈயம் இருக்கிறதாம்.

மறுநாளே பீலியை மூடிவிட்டார்கள். முப்பத்திரண்டு குடும்பமும் இப்போது கீழ்ப்பிரிவுக்கு நடந்து தண்ணீர் சுமக்கிறது. தர்ஷிகா பள்ளிக்கூடம் போவதற்கு முன் இரண்டு நடை. உன் கம்பனி வாளி அதற்கு உதவுகிறது.

பெரியாயி அக்கா எங்கள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது தம்பி. நீயே ஒரு லொறியைப் பிடித்துக்கொண்டு வா.

விஜயலெட்சுமி

*

கல்லூற்றுத் தோட்டம்
2023 நவம்பர் 30

தம்பிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனும் எடுப்பதில்லை. சுகமில்லையோ என்று முதலில் பயந்தேன், பிறகு அந்தப் பயம் போய்விட்டது.

சுற்றாடல் அதிகாரிகள் வந்தார்கள். மாட்டு டாக்டர் அறிவித்திருக்கிறார், அது அவர் கடமை. உன் அண்ணா பயப்படவில்லை. “எல்லாத்துக்கும் கணக்கு இருக்குங்க” என்று நிறுத்து எழுதிய கொப்பியையும் படிவத்தையும் பெருமையாக எடுத்துக் கொடுத்தார். அவர்கள் வாசித்துவிட்டு, படிவத்தைப் படம் எடுத்துத் திருப்பித் தந்து, அவர் பெயரில் வழக்கு எழுதிக்கொண்டு போனார்கள். நஞ்சுச் சாமானை அனுமதி இல்லாமல் சேர்த்து வைத்து, தண்ணீரைக் கெடுத்ததாக வழக்கு. அவர் கழிக்காமல் எழுதிய ஒவ்வொரு கிலோவும், பக்கத்தில் போட்ட ஒவ்வொரு கையெழுத்தும் இப்போது அவர்கள் கையில் இருக்கிறது.

அந்தப் படிவப் பிரதியைப் பள்ளிக்கூடத்து யதுர்ஷன் சேரிடம் கொண்டுபோனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கணக்குப் படிப்பிக்கிறவர். இரண்டு தடவை வாசித்தார். “அக்கா, சாமான் உங்கட அவரிட்ட வந்த உடனேயே கம்பனியின்ர கடமை முடிஞ்சுது எண்டு எழுதிக் கிடக்கு. அதுக்குப் பிறகு வாற எல்லாத்துக்கும் அவர்தானாம் பொறுப்பு. தானா விரும்பி ஏற்கிறன் எண்டும் போட்டிருக்கு” என்றார். பிறகு, “சாட்சிக் கையெழுத்து ஆற்ற?” என்று கேட்டார். புஸ்பராஜ் என்று இருந்தது. அது உனக்கும் எனக்கும் வாசிக்கத் தெரிந்த கையெழுத்துத்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புள்ளடி போட்டபோது உனக்குத் தெரியுமா?

வழக்கு பெப்ரவரி பதினாலு, பண்டாரவளைக் கோர்ட்டில். நீ வந்து, கம்பனி சொல்லித்தான் அவர் வைத்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

விஜயலெட்சுமி

*

கொழும்பு
2023 டிசம்பர் 21

அன்பும் மதிப்புமுள்ள மதினிக்கு,

இறைவன் அருளால் நீங்களும் அண்ணாவும் தர்ஷிகாவும் மனத் தைரியத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அண்ணாவின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். குளிர் காலம், கவனமாக இருக்கச் சொல்லுங்கள்.

அந்தப் படிவத்தை நான் எழுதவில்லை, மதினி. சட்டப் பகுதி எழுதியது. எல்லா மாகாணத்துக்கும் ஒரே படிவம்தான். நான் நிரப்ப மட்டும்தான் செய்தேன். அண்ணா கையெழுத்துப் போட்டார் என்பதற்குத்தான் நான் சாட்சி, உள்ளே இருப்பதற்கு இல்லை என்று இங்கே விளக்குகிறார்கள்.

லொறிக்காக நான் அலையாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது கிலோவும் திரும்ப எடுக்கப்பட்டு, பிரித்து அழிக்கப்பட்டாயிற்று என்று மார்ச்சிலேயே அறிக்கை போய்விட்டது. அதற்குச் சான்றிதழும் கிடைத்துவிட்டது. இல்லாமல் போன சாமானை மறுபடி எடுக்க லொறி கேட்டால் அந்த அறிக்கை பொய்யாகிவிடும். அந்த அறிக்கையில் கையெழுத்து என்னுடையது.

நான் கோர்ட்டுக்கு வந்தால் என் வேலை அன்றோடு போய்விடும். வழக்கறிஞர் ஒருவரை நான் ஒழுங்கு செய்கிறேன், என் பெயர் வராமல்.

இன்னொன்று. பெப்ரவரியில் நான் உங்களுக்கு எழுதிய முதல் கடிதம் இருந்தால் எனக்கு அனுப்பிவிடுங்கள். அது உங்களிடம் இருந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

உங்கள்,
புஸ்பராஜ்

*

கல்லூற்றுத் தோட்டம்
2024 மார்ச் 3

திரு. புஸ்பராஜ் அவர்களுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பீர்கள். உங்கள் வழக்கறிஞர் வேண்டாம் என்று உங்கள் அண்ணா அவரைத் திருப்பி அனுப்பியது தெரிந்திருக்கும். மீதியையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் திருப்பிக் கேட்ட கடிதத்தை நான் அனுப்பவில்லை. அதில் எல்லாம் இருந்தது. லொறி மாதம் ஒரு தடவை வரும் என்றது, படிவம் சும்மா ஒழுங்குக்கு என்றது, கம்பனி பொறுப்பு என்றது, எல்லாம் உங்கள் கையால் எழுதியது. வழக்கன்று காலை அவருடைய சட்டையை ஸ்திரி போட்டு, அந்தக் கடிதத்தை நானே பையில் வைத்தேன். “கேட்டா இத எடுத்துக் குடுங்க. வேற ஒண்ணும் பேச வேணாம்” என்றேன். தலையாட்டினார்.

நீதவான் நல்ல மனிதர். சத்தம் போடவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சரியாக எழுதுகிற ஆள் களவாக ஒன்றையும் சேர்த்திருக்க மாட்டார் என்றாராம். யாராவது சொல்லித்தான் வாங்கி வைத்தீர்களா என்று மொழிபெயர்ப்பாளரை வைத்து இரண்டு தடவை கேட்டார். அந்த மனிதர் கேட்டதே நாங்கள் தப்பிக்க வேண்டும் என்றுதான்.

“இல்லீங்க. நானாத்தான் வாங்கி வச்சேன்.”

இரண்டு தடவையும் அதையே சொன்னார். நான் எழும்பினேன், பொலிஸ்காரர் உட்கார வைத்துவிட்டார். உங்கள் அண்ணா என் பக்கம் திரும்பவே இல்லை. தண்டமும், ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் தன் பொறுப்பில் அகற்ற வேண்டும் என்ற கட்டளையும் கிடைத்தது.

பஸ்ஸில் ஹல்துமுல்லைக்கு வந்தோம். இறங்கும்போது ஏன் என்று கேட்டேன். கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து நாலாகக் கிழித்தார். “நம்ம லயத்துல மொத ஆபீஸ் ஆளு அவன்தான். அவனயும் எறக்கிப்புட்டு நான் என்னத்த ஏத்தப் போறேன்?” என்றார். ரோட்டில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

அகற்று என்று கட்டளை. எங்கே அகற்றுவது? நஞ்சுச் சாமான் எடுக்க அனுமதி உள்ள இடத்துக்குப் போன் பண்ணினோம். கம்பனிக் கடிதத்தோடு வந்தால்தான் எடுப்போம் என்றார்கள். உங்கள் கம்பனிக்குப் போன் பண்ணினோம். அப்படி ஒரு சாமானே இல்லை, எல்லாம் அழித்தாயிற்று என்று ஒரு பெண் மரியாதையாகச் சொன்னாள். கடைசியில் லயத்துக்குப் பின்னால் நாங்கள் லீக்ஸ் மரக்கறி போடுகிற துண்டில் பள்ளம் தோண்டினோம். எங்களுக்கென்று இந்தத் தோட்டத்தில் இருந்த மண் அது ஒன்றுதான். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெட்டினார், நான் மண் அள்ளினேன். நூற்று முப்பத்தொன்றையும் படங்கில் சுற்றிச் சுற்றி இறக்கினோம். செய்யக் கூடாத வேலை என்று எங்களுக்குத் தெரியும். வேறு வழி எவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் உங்கள் கம்பனி அரைப் பக்கம் போட்டிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் உங்கள் அண்ணா சிரித்துக்கொண்டு நிற்கிறார். விற்றதையெல்லாம் திரும்ப எடுத்தோம் என்று கீழே எழுதியிருந்தது.

எனக்கு உங்கள் மேல் வெறுப்பாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

விஜயலெட்சுமி

*

கல்லூற்றுத் தோட்டம்
2024 ஏப்ரல் 2

அன்புத் தம்பி புஸ்பராஜுக்கு,

அண்ணா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் மனதில் வைக்காதே. நான் சுகம். முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலம் நல்லது. தர்ஷிகா சுகம். மதினிக்குத் தெரியாமல் எழுதுகிறேன், தண்ணீருக்குப் போயிருக்கிறாள்.

தண்டம் கட்டியாகிவிட்டது. பீலியைத் திறக்க இன்னும் விடவில்லை. பெரியாயி அக்காவுக்கு ஒரு கன்றுக்குட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாங்குவாரோ தெரியாது. துரை என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, நிறுவைப் பக்கம் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மதினி எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவள் சொன்னதில் பொய் இல்லை, ஆனாலும் எடுத்துக்கொள்ளாதே. நீ நல்லாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் அன்றைக்கு அப்படிச் சொன்னேன்.

சித்திரை வருசத்துக்கு வரப்போகிறேன் என்று கீழ்ப்பிரிவு மாடசாமியிடம் போனில் சொன்னாயாம். வர வேண்டாம் தம்பி. கோபத்தில் சொல்லவில்லை. நீ வந்தால் ஆட்கள் கூடுவார்கள். உன்னை முன்னால் வைத்துக்கொண்டே, இவன் சொல்லித்தானே வச்ச என்று என்னைக் கேட்பார்கள். கோர்ட்டில் முகம் தெரியாதவர்களிடம் சொல்லிவிட்டேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொல்ல என்னால் முடியாது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணா,
சுரேஸ்